வெட்டி வளர்த்த காடு



நம் அலுவலகத்தில் பழைய இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் அறையின் சுவரில், போன மழைக்காலம் தொட்டுச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த கொத்தனார் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி வைத்தார். "குழாய் ஒழுக்கு இல்லம்மா, ஓதம் ஏறியிருக்கு" என்றார். நகரத்துக்காரர்களுக்கு ஓதம் என்றால் இவ்வளவுதான், ஒரு பெயின்ட் செலவு. அகராதியைப் புரட்டினால் ஈரம், அலை, கடல், வெள்ளம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கின்றன. கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதற்கும் அதுதான் பெயர். சுவரில் ஏறும் ஓதம் கெடுதல். கடலோரக் கழியில் ஓதம் ஏறாவிட்டால் கெடுதல். ஏறியது இறங்காவிட்டால் அதைவிடக் கெடுதல். இந்தக் கடைசி விஷயம் தை மாதம் பிச்சாவரம் போய்வரும் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

பிச்சாவரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பதினைந்து கிலோமீட்டர். வடக்கே பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் சின்னச் சின்னதாய் ஐம்பது திட்டுகள், அவற்றில் அலையாத்தி என்றும் சொல்லும் கண்டல் காடு. 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தை இங்கே எடுத்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும்கூட அந்தப் படத்தைச் சொல்லித்தான் இந்த ஊரைக் காட்டுகிறார்கள். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் இருபுறமும் வளைந்து நிற்க, நடுவே துடுப்புப் படகு புகுந்து போகும். எல்லோரும் புகைப்படம் எடுப்பது அங்கேதான். நானும் எடுத்தேன்.

படகோட்டி அறுபதை நெருங்கியவர். நான் போட்டோ எடுத்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "இது சினிமாக்காரங்க பாக்குற காடும்மா. நாங்க வெட்டுன காடு அந்தாண்ட இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "காட்டை வெட்டினீங்களா அண்ணே?"

"மரத்த யாரு வெட்டுனா? வாய்க்கால் வெட்டுனோம்."

தமிழில் மரத்தைச் சாய்ப்பதும் வெட்டுதான், குளம் தோண்டுவதும் வெட்டுதான். பிச்சாவரத்தின் கதை முழுவதையும் அந்த ஒரு வினைச்சொல்லை வைத்தே சொல்லிவிடலாம் என்பது படகு திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. முதலில் நடந்தது ஒரு வெட்டு. அதைச் சரிசெய்ய வந்தது இன்னொரு வெட்டு.

முதல் வெட்டு பிரிட்டிஷார் காலத்தில் தொடங்கி 1970கள் வரை நீண்டது. மலைக்காட்டில் நடப்பதைப் போலவே இங்கும் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கான துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு கூப்பில் நிற்கும் மரம் அத்தனையையும் ஒரே தடவையில் எடுத்துவிட்டு, மறுபடி வளரட்டும் என்று இருபது முப்பது ஆண்டுகள் விட்டுவிடுவது முறை. மலையில் வெட்டிய கட்டை துளிர்க்கும், பறவை விதை போடும், மழை பெய்யும். எப்படியோ ஒரு காடு திரும்பி வந்துவிடும். கழியில் அப்படி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கான பதில் மரத்தில் இல்லை, மண்ணின் மட்டத்தில் இருந்தது.

நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றின்மேல் விழுந்தது. சேற்றிலிருந்த நீர் ஆவியாகி, சேறு காய்ந்து சுருங்கி, தரை மெல்லக் கீழே இறங்கியது. நடு இறங்க, ஓரம் மேடாக நிற்க, ஒவ்வொரு கூப்பும் ஓர் ஆழமில்லாத தொட்டி ஆனது. நம் கிழக்குக் கரையில் ஓதத்தின் உயரமே ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காம்பாத் வளைகுடாவில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும், அங்கே ஒரு சாண் பள்ளம் ஒரு பொருட்டில்லை. இங்கே அந்த ஒரு சாண்தான் தலையெழுத்து. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் நன்றாக ஏறும்போது மேட்டைத் தாண்டித் தொட்டிக்குள் தண்ணீர் வரும். கடல் இறங்கும்போது மேட்டுக்கு உள்ளே அகப்பட்ட தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். வெயில் அதைக் குடிக்கும், உப்பை விட்டுவிடும். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி ஒரு தொட்டித் தண்ணீர், மறுபடி ஒரு படலம் உப்பு. மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ உப்பளம் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டாம். பாத்தி கட்டி, கடல்நீரை விட்டு, காயவைத்து உப்பு எடுக்கிறோமே, அதே வேலையைத்தான் காட்டுக்கு நடுவில் யாரும் கேட்காமலே வெயில் செய்துகொண்டிருந்தது.

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வெண்கண்டல் அதைத் தாங்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும் மரம் அது. இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் கரிக்கும், படகோட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார், வைத்தேன். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மூச்சுவேர்கள், கடல் இறங்கும் சில மணி நேரத்தில் காற்றை வாங்கிக்கொள்கின்றன. தண்ணீர் இறங்காமலே நின்றால் அவை மூழ்கி மூச்சு முட்டும். மிதந்து வந்த விதைகள் அந்தத் தொட்டியில் கிடந்து அழுகும். உப்புக்கு அஞ்சாத உமரி மட்டும் ஓரங்களில் படரும்.

உமரியைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கண்டல் காட்டுக்கும் மேட்டு நிலத்துக்கும் இடையே, எப்போதாவது மட்டும் கடல் எட்டிப்பார்க்கும் உவர்நிலம் அதன் சொந்த இடம். கோடையில் அது சிவந்து கிடக்கும் அழகுக்காகவே போகலாம். கடலோரத்தில் உமரிக்கீரையை வேகவைத்து, நீரை வடித்துவிட்டுப் பருப்போடு கடைவார்கள். குழம்புக்கு உப்பு போட வேண்டாம் என்பது அதிலுள்ள சிக்கனம். ஆனால் காட்டின் நடுவயிற்றில் உமரி படர்ந்தால் அது நோய்க்கான குறி.

அந்த நோய்க்கு வெகுகாலம் சொல்லப்பட்ட காரணம் வேறு. சுற்றியிருக்கும் கிராமத்து ஆடுமாடுகள் மேய்கின்றன, பெண்கள் விறகு ஒடிக்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்றார்கள். ஏழையின் ஆடு இருக்கிறதே, எந்தப் பழிக்கும் தோதான பிராணி அது. மேய்ச்சலால் கன்றுகள் பாழாவது உண்மைதான். ஆனால் ஆடே போகாத நடுத்திட்டுகளும் ஏன் மொட்டையாய்க் கிடக்கின்றன என்று கேட்க ஆள் இல்லை. 1990களில் சென்னையிலிருந்து வந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சேற்றின் மட்டத்தையும் உப்பையும் அளந்து, கூப்பு வெட்டிய இடமும் காடு செத்த இடமும் பொருந்தி வருவதைக் காட்டினார்கள். அந்த ஆய்வில் முன்னின்ற வி. செல்வம் எழுதியவற்றைப் படித்தால், கிராமத்து மக்கள்மேல் இருந்த பழியை இறக்கி வைத்ததுதான் அந்த வேலையின் முதல் பலன் என்று எனக்குப் படுகிறது. அதைச் செய்யாமல் அதே மக்களிடம் போய், "வாருங்கள், காட்டை மீட்போம்" என்று எந்த முகத்தோடு கூப்பிட முடியும்?

இனி இரண்டாவது வெட்டு. தொட்டியில் நிற்கும் நீருக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆற்றிலிருந்தோ கழியிலிருந்தோ பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால். அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தால் சதை தின்று வைத்த மீன்முள் மாதிரி இருக்கும், அதனால் மீன்முள் வாய்க்கால் என்றே பெயர். கைபேசியில் பிச்சாவரத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், காட்டு ஓரங்களில் அந்த முள்வரிசை தெரியும். சேறு சரியாமல் இருக்க வாய்க்கால் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். கன்று நடுவது அந்தச் சரிவில். மேட்டில் நட்டால் தண்ணீர் எட்டாது, அடியில் நட்டால் மூழ்கிவிடும்.

"எந்திரம் எதுவும் இல்லம்மா. மம்புட்டிதான். தண்ணி எறங்குற நேரம் பாத்து நாங்க எறங்குவோம், அது ஏறுனா நாங்க ஏறிடுவோம்" என்றார் படகோட்டி. ஒரு மண்வெட்டி சேறு வயல்மண்ணைப் போல இரண்டு பங்கு கனக்குமாம். வெட்டிய குழியில் கால் இறங்கினால் செருப்பு மட்டுமல்ல, சில நேரம் ஆளையே இழுத்து எடுக்க வேண்டியிருக்குமாம். கூலி கிடைத்தது. ஊருக்கு ஊர் குழு போட்டு, வனத்துறையும் நிறுவனமும் கிராமமும் சேர்ந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிள்ளைக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். நகர் இருளர் குடியிருப்பும் அதில் சேர்ந்தது. கழியில் உட்கார்ந்தவாக்கில் கையால் துழாவி இறால் பிடிக்கும் மக்கள் அவர்கள். எந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதை விரலால் அறிந்தவர்கள்.

முதல் வாய்க்காலைக் கழியோடு இணைத்த நாளைப் பற்றிக் கேட்டேன். கடல் உள்ளே பாய்ந்துவந்த காட்சியைச் சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"உள்ள இருந்து வெளிய ஓடுச்சும்மா. கறுப்பாத் தண்ணி. கூமுட்டை நாத்தம், மூக்கப் புடிச்சிகிட்டு நின்னோம். எத்தன வருசத்துத் தண்ணியோ. தண்ணி உள்ள வர்றது பெரிசில்ல. அது எப்பவுந்தான் வந்துகிட்டு இருந்துச்சி. வெளிய போவணும்ல?"

மூன்று நான்கு நூல்களைப் படித்துவிட்டுப் போயிருந்த எனக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. கழியை மீட்பதென்றால் கடலை உள்ளே விடுவது என்றே நினைத்திருந்தேன். பிச்சாவரத்துக்கு வேண்டியிருந்தது வடிகால். இறங்கும் கடலோடு பழைய உப்பு கொஞ்சம் போகும், ஏறும் கடலோடு புது நீர் வரும், மழைக்காலத்தில் வெள்ளாறும் கான் சாகிப் வாய்க்காலும் கொண்டுவரும் நன்னீர் மிச்ச உப்பையும் அலசும். சில பருவங்களில் மண் தெளிந்தது. 1980களின் பிற்பகுதிக்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சுவாமிநாதன் நிறுவனத்தார் எழுதினார்கள்.

வாய்க்கால் வெட்டும் யோசனை இந்தக் கரைக்கு முற்றிலும் புதிதும் அல்ல. முத்துப்பேட்டைக் காயலில் மீனவர்கள் கண்டல் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏறும் நீரோடு வரும் மீனை மடக்கிப் பிடிப்பது பழைய வழக்கம். தண்ணீருக்கு வழி போட்டால் உயிர்கள் பின்னாலேயே வரும் என்பது அவர்களுக்குத் தொழில்.

பிச்சாவரத்துக்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கரையில் வெல்ஃப்ளீட் என்ற ஊர், சிப்பிக்குப் பேர்போனது. அங்கே ஹெர்ரிங் ஆறு கடல் சேரும் இடத்தில் 1909இல் ஓர் அணையைக் கட்டினார்கள். கொசுவை ஒழிப்பதும் சேற்று நிலத்தைக் காயவைப்பதும் நோக்கம். ஆற்றுநீர் வெளியே போகும், கடல்நீர் பெரும்பாலும் உள்ளே வராது. பிச்சாவரத்தில் வந்த நீர் போகவில்லை என்றால், அங்கே வர வேண்டிய நீர் வரவில்லை. சுமார் 1,100 ஏக்கர் உவர்ப்புல் நிலம் காய்ந்து அமிழ்ந்தது. காற்றுப் படாமல் சேற்றுக்குள் உறங்கிய கந்தகம், காற்றுப் பட்டதும் அமிலமாகி ஆற்றில் இறங்கியது. ஆற்றின் பெயருக்குக் காரணமான ஹெர்ரிங் மீன்களே செத்து மிதந்தன. கொசு போனதா என்றால், அதுவும் இல்லை. கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன்கள் உள்ளே வர முடியாமல் போனதுதான் மிச்சம். படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அணை இருந்த இடத்தில் கதவுகள் பொருத்திய பாலம் ஒன்றைக் கட்டும் வேலை 2023இல் தொடங்கியது. கட்டி முடித்ததும் கதவுகளை ஒரேயடியாகத் தூக்கிவிடுவது திட்டமில்லை. நிலம் அமிழ்ந்திருக்கிறது, திடீரென்று முழு ஓதத்தையும் விட்டால் புல் முளைக்குமுன் எல்லாம் ஏரியாகிவிடும். தாழ்வான சாலைகளும் வீடுகளும் வேறு இருக்கின்றன. ஆகவே ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகத் திறப்பார்கள். நூறாண்டு பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே விருந்து வைக்கக் கூடாது என்பது நம் பாட்டிகளுக்கும் தெரிந்த வைத்தியம்.

பிச்சாவரத்துக்குத் திரும்புவோம். அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் 2004 டிசம்பர் 26 சுனாமியைச் சொல்வார்கள், காடு ஊரைக் காத்தது என்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005இல் அப்படித்தான் எழுதினார்கள். அதே எண்களை எடுத்து அடுத்த ஆண்டே வேறு சிலர் மறுத்தார்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதே சாவைக் குறைத்தது, காட்டின் பங்கு தனியாகத் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் நேர்மையானவர்கள். சுனாமியைச் சொல்லித்தான் ஒரு காட்டுக்கு மரியாதை தேட வேண்டுமா என்பது என் எண்ணம். இறாலுக்கும் நண்டுக்கும் அது தொட்டில் என்பது போதாதா?

இப்போது கொஞ்சம் கசப்பானதையும் சொல்ல வேண்டும். படகோட்டி என்னை அழைத்துப் போன வாய்க்கால்களில் இரண்டு, பேருக்குத்தான் வாய்க்கால். அடியில் வண்டல் ஏறி, ஓரம் சரிந்து, படகின் மூக்குக்கூட நுழையவில்லை. ஓதம் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை, சேற்றையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. வீட்டுச் சாக்கடையைத் தூர் வாருவதுபோல இதையும் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். திட்டத்தின் பணம் இருந்தவரை வாரினோம், அப்புறம் வந்துபோகும் ஆளைப் பொறுத்தது என்றார் அவர். இன்னொரு குறையையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வாய்க்கால் ஓரங்களில் வந்ததெல்லாம் பெரும்பாலும் வெண்கண்டல்தான். எளிதில் பிழைக்கும் மரம் என்பதால் அதையே நட்டார்கள். ஒரு காலத்தில் சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த தில்லையும் மற்றவையும் கலந்து நின்ற காடு அல்ல இது.

2023 ஒன்றிய பட்ஜெட்டில் 'மிஷ்டி' என்ற பெயரில் அலையாத்திக் காடுகளுக்கு ஒரு திட்டம் அறிவித்தார்கள். ஐந்து ஆண்டில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் என்பது இலக்கு. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். பயம் ஒன்றுதான். நட்ட கன்றை எண்ணலாம், மேடையில் ஓர் அமைச்சர் கன்றோடு நின்றால் படம் நன்றாக வரும். தூர்வாரிய வாய்க்காலை யார் படம் எடுப்பார்கள்? ஃப்ளோரிடாவில் கண்டல் காடுகளை மீட்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர், முதலில் தண்ணீரின் போக்கைச் சரிசெய்யுங்கள், பல இடங்களில் கன்றே நட வேண்டியிருக்காது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். விதையைக் கொண்டுவர ஓதமே இருக்கிறது, கூலி கேட்காத ஆள். சென்னையிலேயே பாருங்கள், அடையாறு முகத்துவாரத்தை மணல் அடைக்கும்போதெல்லாம் பொக்லைன் கொண்டுவந்து தோண்டுகிறோம், கொஞ்ச நாளில் மறுபடி அடைத்துக்கொள்கிறது, மறுபடி தோண்டுகிறோம். சலிப்பான வேலைதான். கழியைப் பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் அந்தச் சலிப்புதான்.

திரும்பும்போது மணி பன்னிரண்டு இருக்கும். நடு வழியில் படகு தரை தட்டியது. "வத்திப்போச்சி, கொஞ்ச நேரம் ஆவும்" என்று துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு அவர் வெற்றிலை மடித்தார். சுற்றிலும் சேறு மெல்ல வெளியே வந்து, ஓட்டைக்கு ஓட்டை நண்டுகள் எட்டிப்பார்த்தன. தூர்ந்த வாய்க்கால் ஒன்றின் வாயிலிருந்து, ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் கழிக்குள் வழிந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் இல்லை, ஆனால் அலுக்கவும் இல்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில் தோன்றிய ஒரு வேண்டுகோளோடு இந்த மாதப் பக்கத்தை முடிக்கிறேன். கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உங்கள் ஊரில் என்ன சொல்கிறீர்கள்? பழவேற்காட்டில் ஒன்று, நாகையில் ஒன்று, பாம்பனில் ஒன்று, குளச்சலில் ஒன்று இருக்கும். யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு வாசகர்களிடம் நிச்சயம் வேறு இருக்கும். அமாவாசை ஏற்றத்துக்குத் தனிப்பெயர் உண்டா, தேங்கி நிற்கும் நீருக்கு என்ன பெயர், உமரியை உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பார்கள்? ஓர் அஞ்சலட்டை போதும். வந்த சொற்களையெல்லாம் சித்திரை இதழில் ஊர்ப்பெயரோடு வெளியிடுகிறோம்.

கீழ்த்தள அறையின் பழைய இதழ்களை மாடிக்கு ஏற்றிவிட்டோம். சுவர் இன்னும் காயவில்லை. அடுத்த வாரம் கொத்தனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்